பதினோரு அடி றிஸ்மியா

என் பெயரைப் பதினோரு அடி நீளத்தில், ரோஜாப்பூவும் நாடாவும் வைத்து, புத்தளத்தில் கொழும்பு வீதியைப் பார்த்த எங்கள் வீட்டு மதிலில் எழுதியிருக்கிற செய்தி எனக்கு வட்ஸ்அப்பில்தான் வந்தது. அனுப்பியவள் எதிர்வீட்டு சித்தி லெய்லா; சித்தி என்பது அவள் பெயரில் பாதி, உறவு இல்லை. படத்தின் கீழே "மாஷா அல்லாஹ்" என்று போட்டு, அதன் பின்னால் கண்ணீர் வரச் சிரிக்கிற பொம்மை நாலு வைத்திருந்தாள். அந்த நாலு பொம்மைக்காகவே அவளோடு ஒரு மாதம் கதைக்காமல் இருந்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு அவசரமாக அவளிடம் விசாரிக்க இருந்தது.

நான் அப்போது கற்பிட்டியில், என் அக்கா, உம்மு குல்சூம் ராத்தா வீட்டில் இருந்தேன். புருஷனோடு கோபித்துக்கொண்டு வந்து பதினேழு நாள். காரணம் சின்னது என்று ராத்தாவே சொல்கிறாள். சொல்கிறேன், நீங்களே கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

பிரஷர் இறங்கி மயங்கிப்போன என்னை என் வீட்டுக்காரர் கிளினிக்குக் கொண்டுபோனார். கட்டிலில் கிடக்கிறேன், கண் திறக்க முடியவில்லை, காது மட்டும் நன்றாகக் கேட்கிறது.

"நோயாளிட பேர் என்ன?" என்று நர்ஸ் மிஸ்ஸி கேட்டாள்.

"எங்கட வீட்டு ஆள்," என்றார்.

"ஆளுக்குப் பேர் இல்லையா?"

"இருக்குது."

"என்ன பேர்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "நல்ல பேர்தான்," என்றார்.

மிஸ்ஸி என் கைப்பையைத் திறந்து அடையாள அட்டையைப் பார்த்து எழுதிக்கொண்டாள். எனக்குப் பிரஷர் இறங்கினதெல்லாம் அந்த இடத்திலேயே ஏறிவிட்டது. இருபத்துமூன்று வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறோம். ஒருநாள்கூட அந்த மனிசன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இஞ்ச" என்பார், இங்கே பார் என்கிற மாதிரி. அவ்வளவுதான். வீட்டுப் பூனை செம்பி, சித்தி லெய்லாவின் ஆடு ராணி. அவற்றையெல்லாம் வாய் நிறையக் கூப்பிடுவார். நான் மட்டும் இஞ்ச. நல்ல மனிதர், குடிக்க மாட்டார், அடிக்க மாட்டார், உப்பளத்தில் வேலை முடிந்தால் நேரே வீடு. ஆனால் பெயர் என்று வந்தால் தொண்டையில் மீன்முள் நின்ற மாதிரி ஒரு முகம். வீட்டுக்கு வந்ததும் பையைக் கட்டினேன். "என்ட பேரச் சொல்லிக் கூப்பிடுற அண்டைக்குத்தான் இந்த வாசப்படி மிதிப்பன்," என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். அவர் வாயைத் திறந்தார். மூடினார். கையசைத்தார்.

இப்போது மதிலுக்கு வருகிறேன். புத்தளத்தை அழகுபடுத்துகிறோம் என்று ஒரு குழு கிளம்பியிருந்தது. சுவரில் படம் வரைகிற ஆட்கள் எல்லாரும் பனர் அடிக்கிற மெஷின் வாங்கி உட்கார்ந்துவிட்டதால், தூரிகை பிடிக்க ஆள் இல்லை. கடைசியில் கற்பிட்டியில் வெள்ளைக்காரருக்குப் பச்சை குத்துகிற றொபியும் நீர்கொழும்பிலிருந்து அவனுடைய கூட்டாளிகள் இரண்டு பேரும் வந்து இறங்கினார்கள். காற்று இல்லாத மாதங்களில் பட்டம் விட்டுக் கடலில் ஓடுகிறவர்கள் வருவதில்லை, அப்போது பச்சை குத்துகிற இவர்களுக்கும் வேலை இல்லை. உப்புக் குவியல் வரையச் சொன்னால், உப்புக் குவியலின் நடுவே ஓர் அம்பு குத்தி, கீழே நாடாவில் "அம்மா" என்று எழுதினார்கள். கூட்டுறவுக் கடைச் சுவரில் மீன் கேட்டார்கள். நங்கூரத்தைச் சுற்றிய பாம்பு வந்தது. கை பழகினதுதானே வரும்.

அந்த றொபியைத்தான் என் வீட்டுக்காரர் பிடித்திருக்கிறார். உடம்பில் குத்த மார்க்கம் விடாது, மதிலுக்கு என்ன தடை என்பது அவருடைய வாதம். றொபிக்கோ மதிலும் உடம்பும் ஒன்றுதான். முதலில் வயது கேட்டான். பதினெட்டு நிரம்பாததற்கு அவன் குத்த மாட்டானாம். வாசல் கேற் தூணில் 2003 என்று போட்டிருப்பதைக் காட்டிய பிறகுதான் சம்மதித்தான். எங்கள் மகன் அஸ்மி பிறந்த வருஷம் கட்டிய மதில். அவன் கட்டாரில் நிற்கிறான், இது வீதியோரம் நிற்கிறது. அடுத்து ஒரு படிவம். சித்தி லெய்லா அதையும் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். நேற்று மது அருந்தினீரா என்ற கேள்விக்கு "இல்லை" என்று மதிலுக்காக எழுதியிருந்தார். இரத்தத்தில் சீனி உண்டா என்ற கேள்விக்கு, "சீனி இல்லை. உப்பு உண்டு." அது உண்மைதான். எங்கள் பக்கத்துச் சுவர் எல்லாம் உப்புப் பூக்கும்.

பிறகு பாசியைச் சவர அலகால் வழித்து, டெட்டோல் போட்டுத் துடைத்து, கையுறை மாட்டி, ஊசியை விடக் கொஞ்சம் தடித்த தூரிகையால் ஒன்பது நாள் வரைந்தானாம். இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை நிறுத்தி, "நோகுதா?" என்று கேட்பானாம். என் வீட்டுக்காரர் மதிலில் காது வைத்துப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல, செய்ங்க," என்பாராம்.

அடுத்த நாள் காலையே பஸ் பிடித்தேன்.

மதில் முழுக்கப் பொலித்தீன் சுற்றியிருந்தது. புதிதாகக் குத்தியதற்கு மூன்று நாள் வெயில் படக்கூடாது, சொறியக்கூடாது. சொறிவது என்றால் எங்கள் ஊரில் வேறு யார், கழுதைகள்தான். அவை முதுகு தேய்க்க வந்தால் விரட்டுவதற்காக, உப்பளத்தில் லீவு போட்டுவிட்டு, ஒரு கையில் குடையும் மறு கையில் ஈர்க்குமாறுமாக அந்த மனிசன் மதிலுக்குக் காவல் நின்றார். தெருவில் உள்ள பெண்கள் இரண்டு மூன்று பேராக வந்து, "இப்ப எப்பிடிச் சுகம்?" என்று விசாரித்தார்கள். ஒருத்தி பிஸ்கட் பெட்டியும் நெல்லிரசப் போத்தலும் கொண்டுவந்து மதிலடியில் வைத்தாள். நான் மயங்கி விழுந்தபோது ஒருத்தியும் எட்டிப் பார்க்கவில்லை.

"நடு ரோட்டில என்ட பேர்!" என்று கத்தினேன். "போற வாற லொறிக்காரன் எல்லாம் வாசிக்க! அழிங்க!"

அவர் என்னைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "இஞ்ச..." என்றார்.

அவ்வளவுதான். வந்த கோபத்தில் சித்தி லெய்லா வீட்டுப் பின்புறம் இருந்த சுண்ணாம்பு வாளியையும் பூசுகிற மட்டையையும் தூக்கிக்கொண்டு வீதியைக் கடந்தேன். அவர் குடையைப் போட்டுவிட்டு மதிலில் முதுகைச் சாய்த்து, இரண்டு கையையும் விரித்து நின்றார். "வேணாம். அதுக்கு நோகும்," என்றார். இருபத்துமூன்று வருஷத்தில் அவர் என்னை மறுத்துப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்குக் கை ஓடவில்லை, வாளியைக் கீழே வைத்தேன்.

றொபியைக் கூப்பிட்டார்கள். வந்தவன் சுண்ணாம்பு வாளியைக் கண்டதும் முகம் சுண்டிப்போனான். "ராத்தா, நாங்க அழிக்கிற ஆக்கள் இல்ல. குத்தினது குத்தினதுதான். காதலிட பேரக் குத்திப்போட்டு, பிறகு வேற ஆளக் கட்டுறவங்க வருவாங்க. அதுக்கு மேல இன்னொண்டு குத்துவம். ஆனா ஒண்டு, மேல வாறது கீழ இருக்கிறதை விடப் பெரிசாயும் கறுப்பாயும் இருக்கோணும். அப்பதான் மறையும்."

"மறையட்டும்," என்றேன். சொந்த வாசற்படியை மிதிக்க மாட்டேன் என்று சபதம் இருந்ததால், சித்தி லெய்லா வீட்டு விறாந்தையில் கதிரை போட்டு உட்கார்ந்து மேற்பார்வை செய்தேன். அவரோடு பேச்சு இல்லை. எல்லாம் லெய்லா வழியாகத்தான்.

முதலில் என் பெயரின் மேல் ஒரு கழுதை வந்தது. பதினைந்து அடிக் கழுதை. அழகான கழுதை என்றுதான் சொல்ல வேண்டும். பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கிற செய்னுலாப்தீன் ஹாஜியார் தொழுகைக்குப் போகிற வழியில் நின்று பார்த்தார். "நல்ல கழுதைதான். ஆனா அது என்னையே பாக்குது. உயிருள்ளதை ரோட்டில எழுப்பி வைக்க வேணாமே," என்றார். சரி, கழுதையின் மேல் படகு. இருபத்தைந்து அடி. மதில் போதாமல் படகின் பின்பக்கம் பக்கத்து வளவு மதிலுக்குப் போனது. அந்த மதிலுக்கும் வயது விசாரித்துப் படிவம் நிரப்பினார்கள். படகுக்கு நீலம் பூசினான். தேர்தல் வர இருந்த நேரம், நீலம் ஒரு கட்சியின் நிறம். அந்தக் கட்சிக்காரர்கள் வந்து என் வீட்டுக்காரருக்கு மாலை போட்டுவிட்டுப் போனார்கள், மறுநாள் மற்றக் கட்சிக்காரர்கள் வந்து படகுக்குச் சாணி அடித்துவிட்டுப் போனார்கள்.

"இதுக்கு மேல என்ன?" என்று லெய்லாவை அனுப்பிக் கேட்டேன்.

"இதுக்கு மேல கறுப்புத்தான்," என்று றொபி சொல்லி அனுப்பினான்.

இரண்டு வீட்டு மதிலும், அதற்கு அப்பால் மூடிக் கிடக்கிற அரிசி மில்லின் மதிலுமாக அறுபது அடி. ஒரு கோடு இல்லை, பூ இல்லை, தனிக் கறுப்பு. அந்த ஊசித் தூரிகையால் பன்னிரண்டு நாள் எடுத்தான். "நோகுதா?" என்று கேட்பதை மட்டும் விடவில்லை. அது முடிந்த அன்று மதிலைப் பார்த்துக்கொண்டு நான் விறாந்தையில் இருந்தேன். என் பெயர் மறைந்துவிட்டது, நான் கேட்டதும் அதைத்தான். ஆனால் மனசுக்குள் ஒரு சாமான் தொலைந்த மாதிரி இருந்தது. வீதிக்கு அந்தப் பக்கம் நின்று அவர், "இஞ்ச, தேத்தண்ணி குடிச்சீங்களா?" என்று கேட்டார். நான் பையை எடுத்துக்கொண்டு கற்பிட்டி பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

பத்து நாள் கழித்து சித்தி லெய்லா போன் எடுத்தாள்.

"புள்ள, ஒனக்கு விசயம் தெரியுமா? பஸ்காரங்க ஒன்ட பேர வெச்சிட்டாங்க. முந்தி மில்லடி எண்டுதானே சொல்றது? இப்ப 'றிஸ்மியா மதில் இறங்கு' எண்டு கத்துறாங்க. ரெண்டு நாளா மதிலையும் விட்டாச்சு. வெறும் றிஸ்மியா."

"அல்லாஹ்வே! கறுப்படிச்சு மறைச்சதுதானே?"

"கீழ என்ன இருக்குதெண்டு முழு ஊருக்கும் தெரியுமே. அதில்ல விசயம். ஒன்ட மனிசன் பிந்தி வாறார். முகமெல்லாம் வேர்வை. கேட்டா ஒண்டும் பேசுறாரில்ல. கண்டக்டர்தான் சொன்னான். எங்க இறங்குற எண்டு கேட்டா பேரச் சொல்லோணுமே? மில்லடி எண்டா இப்ப ஒருத்தருக்கும் விளங்காது. அவர் அடுத்த ஹோல்ட்டுக்கு டிக்கட் எடுத்து, அங்க இறங்கி, வெயில்ல நடந்து திரும்பி வாறார்."

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை. அந்த மனிசனுக்குக் குதிக்காலில் வெடிப்பு. உப்புத் தண்ணீரில் நின்று நின்று வந்தது. இரவில் நான்தான் தேங்காய் எண்ணெய் பூசிவிடுவேன். அந்தக் காலோடு ஒரு மைல் நடக்கிறார், என் பெயரைச் சொல்ல முடியாமல்.

மறுநாள் பின்நேரம் கற்பிட்டியிலிருந்து புத்தளம் போகிற பஸ்ஸில் ஏறி, முகத்தை மூடிக்கொண்டு பின்சீட்டு மூலையில் உட்கார்ந்தேன். பாலாவியில் அவர் ஏறினார். கையில் சோற்றுப் பெட்டி. பஸ்ஸில் நெரிசல், என்னைக் காணவில்லை. பெட்டியை மேல்தட்டில் வைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

கண்டக்டர் புதுப் பொடியன். "எங்க நானா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டான்.

அவர் மதிலுக்கு அடுத்த ஹோல்ட்டின் பெயரைச் சொன்னார்.

"அங்க இண்டைக்கு நிக்காது. பாலம் உடைச்சுக் கட்டுறாங்க, பஸ் சுத்திப் போகுது. அதுக்கு முந்தி எங்க இறங்குறீங்க? சொன்னாத்தான் டிக்கட்."

அவர் வாயைத் திறந்தார். மூடினார். நான் முன்சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். சொல்லுங்களேன், சொல்லித் தொலையுங்களேன் என்று உள்ளுக்குள் கெஞ்சினேன்.

கசாயம் குடிக்கிற மாதிரி கண்ணை மூடினார். "றிஸ்மியா," என்றார்.

"கேக்கல்ல."

"றிஸ்மியா!"

முழு பஸ்ஸும் திரும்பிப் பார்த்தது. மேல்தட்டில் இருந்த கோழிக்கூடை கூட ஒருதரம் கலவரப்பட்டது. கண்டக்டர் டிக்கட்டைக் கிழித்துக் கொடுத்தான். அவர் அதை வாங்கி, எதிரே யாரும் இல்லாத ஜன்னலைப் பார்த்து, மெதுவாக, தனக்குத்தானே இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தார். "றிஸ்மியா." என் பெயர் இவ்வளவு அழகானது என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது.

கறுப்பு மதிலடியில் பஸ் நின்றது. அவர் இறங்கினார். பஸ் நகரத் தொடங்கியபோதுதான் மேல்தட்டைப் பார்த்தேன். சோற்றுப் பெட்டி அங்கேயே இருந்தது. ஜன்னலால் தலையை நீட்டி, "இஞ்ச! இஞ்ச!" என்று கத்தினேன்.

வீதியில் போன நாலு ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பஸ்ஸுக்குள் இருந்து மூன்று பேர், "என்ன?" என்றார்கள். அவர் திரும்பவில்லை.

"பேரச் சொல்லிக் கூப்பிடுங்களே ராத்தா!" என்றான் கண்டக்டர்.

வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. இருபத்துமூன்று வருஷம். "அஸ்மிட வாப்பா", "இஞ்ச", "அந்த மனிசன்", "என் வீட்டுக்காரர்". உங்களுக்கு இவ்வளவு நேரம் கதை சொன்னேனே, அதில்கூட ஒரு தரம் சொல்லவில்லை. என் தொண்டையிலும் அதே மீன்முள் நின்றது. அதை வைத்துக்கொண்டா நான் இந்த மனிதரை வாசற்படியில் நிறுத்தி வைத்தேன்? வெட்கத்தில் காது சுட்டது. பஸ் அரிசி மில்லைத் தாண்டிக்கொண்டிருந்தது.

"ஜௌபர்!" என்று கத்தினேன்.

அவர் நின்றார். பஸ்ஸை அவர் பார்க்கவே இல்லை. அந்த அறுபது அடிக் கறுப்பு மதிலின் பக்கம் மெதுவாகத் திரும்பி, "ஓம்," என்றார். "சொல்லுங்க, றிஸ்மியா."