ஜன்னல் இல்லாத சுவர்

படிக்கட்டு வாசலில் சுத்தியல் சத்தம் கேட்டதும் நாத்தனார்தான் முதலில் எட்டிப் பார்த்தாள்.

"அண்ணி, நம்ம போர்டை யாரோ கழட்டுறாங்க!"

தையல்காரி கையிலிருந்த கத்தரிக்கோலைக்கூட வைக்காமல் கீழே ஓடினாள். ஏணியில் ஒருவன் நின்றான். கீழே அளவு டேப்போடு மாநகராட்சி ஆய்வாளர். 'தையல் கடை, முதல் மாடி' என்று எழுதிய தகரப் பலகை பாதி கழன்று தொங்கியது.

"சார், அனுமதி வாங்கித்தானே மாட்டியிருக்கேன்?"

"சுவர்லேருந்து ஒன்பது இன்ச்தான் நீட்டலாம்மா. உங்களது பதினொண்ணு இருக்கு."

"ரெண்டு இன்ச்சுக்கா இந்த அமர்க்களம்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே உள்ளே தள்ளியிருப்பேனே!"

ஆய்வாளர் காதில் விழாதவர் போல டேப்பைச் சுருட்டினார். பலகை லாரியில் போய் விழுந்தது.

மாடியில் கடை வைத்தவளுக்குப் பலகை போனால் கடையே போன மாதிரிதான். அந்த வாரம் புதிதாக ஒரு ஆள் படியேறவில்லை. பழைய வாடிக்கைக்காரி ஒருத்தி போனில், "மூடிட்டீங்களாமே?" என்று துக்கம் விசாரித்தாள்.

இது போதாதென்று, வெள்ளிக்கிழமை கடையைத் திறந்தால் உள்ளே கும்மிருட்டு. தையல்காரி ஜன்னலைத் திறந்தாள். கை நீட்டினால் தொடும் தூரத்தில் சாம்பல் நிறத்தில் ஃப்ளெக்ஸ் ஒன்று இழுத்துக் கட்டியிருந்தது. தெருவில் இறங்கி அண்ணாந்து பார்த்தாள். நான்கு மாடி உயரத்துக்குக் கோட்டு போட்ட ஒருவன் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். ஆயத்த ஆடைக் கம்பெனி விளம்பரம். 'இனி தைக்கக் கொடுத்துக் காத்திருக்க வேண்டாம்!' என்று காலடியில் கொட்டை எழுத்து.

"நாம இவன் கோட்டுப் பைக்குள்ள குடியிருக்கோம் அண்ணி," என்றாள் நாத்தனார்.

தையல்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. நேரே மாநகராட்சி அலுவலகத்துக்குப் போனாள்.

மூன்று மேசைகளுக்கு அலையவிட்ட பிறகு பொறியாளர் கோப்பைப் பிரித்தார். "எல்லாம் முறையாத்தாம்மா இருக்கு. ஜன்னலை மறைக்கக் கூடாதுங்கிறதுதான் விதி. இந்தச் சுவர்ல ஜன்னலே இல்லையே."

"யார் சொன்னது?"

"நேர்ல பார்த்து அறிக்கை கொடுத்திருக்காங்க."

அறிக்கையின் கீழே அதே ஆய்வாளரின் கையெழுத்து. தேதி, அவளுடைய பலகையை அவர் கழற்றிய அதே செவ்வாய்க்கிழமை.

"ரெண்டு இன்ச் கண்ணுல பட்டுச்சு, தலைக்கு மேல இருக்கிற ஜன்னல் படலையா?"

"மறு ஆய்வுக்கு எழுதிக் கொடுங்க. மூணு மாசத்துல வருவாங்க."

"அதுவரைக்கும் இருட்டுல தடவித் தடவித் தைக்கிறதா?"

"லைட்டைப் போட்டுக்கங்கம்மா," என்றார் அவர், வேறொரு காகிதத்தைப் புரட்டியபடி.

அறிக்கையின் நகலைப் போராடி வாங்கிக்கொண்டுதான் அவள் கிளம்பினாள். பேருந்தில் உட்கார இடம் இருந்தும் உட்காரவில்லை. கடைக்கு வந்தவள் கைப்பையை மாட்டிவிட்டு, இருப்பதிலேயே பெரிய கத்தரிக்கோலை எடுத்தாள்.

"அண்ணி, வேணாம். கேஸாயிடும்."

"ஆகட்டும். நீ கெட்டி நூலா எடு."

ஃப்ளெக்ஸை ஜன்னல் அளவுக்குச் சதுரமாக வெட்டினாள். வெளிச்சம் வெட்டுமேசை மேல் கொட்டியது. வெட்டியதை அப்படியே விட்டால் காற்றில் கிழிந்து தொங்கும். தொழில் தெரிந்தவளுக்கு அதற்கு மனசு வரவில்லை. ஓரத்தை மடித்துச் சுற்றிலும் தைத்தே முடித்தாள்.

மறுநாள் காலை ஆய்வாளர் விளம்பரக் கம்பெனி மேலாளரோடு மூச்சு வாங்கப் படியேறி வந்தார்.

"எவ்வளவு துணிச்சல் உங்களுக்கு! ஜன்னல் வழியா கையை விட்டு வெட்டியிருக்கீங்க!"

"எந்த ஜன்னல் சார்?"

"இதோ, இந்த ஜன்னல்தான்!" என்று அவர் கம்பியைத் தட்டிக் காட்டினார்.

"அதை அப்படியே எழுதி, தேதி போட்டுக் கையெழுத்துப் போடுங்க."

நகலை மேலாளரிடம் நீட்டினாள். படித்தவர் முகம் மாறியது. "என்ன சார், வெற்றுச் சுவர்னுதானே எங்களுக்குக் கொடுத்தீங்க?"

ஆய்வாளர் படிக்கட்டுப் பக்கம் திரும்பினார். அவரைப் பார்க்கப் பார்க்கத் தையல்காரிக்கு ஆத்திரம்தான் பொங்கியது. "ஏணியில ஆளை ஏத்தி என் சோத்துல மண்ணை அள்ளிப் போடத் தெரிஞ்சுது. அப்படியே ரெண்டு அடி மேல பார்த்திருந்தா எங்க மூஞ்சி தெரிஞ்சிருக்குமே! நாங்க என்ன, ஆளில்லையா?"

ஆறாவது நாள் விளம்பரம் இறங்கியது. ஆய்வாளருக்கு ஒரு குறையும் வரவில்லை. அடுத்த தெருவில் அளந்துகொண்டிருந்தார். பலகையை மாநகராட்சிக் கிடங்கில் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள்.

கிடங்குக் காவலாளி கதவைத் திறந்துவிட்டான். உள்ளே இடுப்பளவுக்குப் பலகைகள். சாவி செய்பவர், பல் மருத்துவர், முடி திருத்துபவர், தட்டச்சு சொல்லித் தருபவர். ஒன்றுகூட ஒரு கதவை விடப் பெரிதில்லை. எல்லாவற்றிலும் போன் நம்பர்.

"உங்களுதை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்கம்மா," என்றான் காவலாளி.

அவள் கிளம்பவில்லை. ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து முதல் நம்பரை அழுத்தினாள். "சாவிக் கடைங்களா? உங்க போர்டு இங்க கிடக்கு. திங்கக்கிழமை பத்து மணிக்கு மாநகராட்சி அலுவலகத்துக்கு வாங்க. தனியா வராதீங்க."

சிலர் நம்பவில்லை. ஒருவர் அவளையே அதிகாரி என்று நினைத்துக் கிழிகிழியென்று கிழித்தார். தொண்டை கட்டும்வரை பேசினாள்.

திங்கட்கிழமை நாற்பது பேருக்கு மேல் பொறியாளர் அறையை அடைத்துக்கொண்டு நின்றார்கள். மதியத்துக்குள் உத்தரவு எழுதப்பட்டது: பலகைகள் திருப்பித் தரப்படும், இனிமேல் கழற்றும் முன் சரிசெய்யப் பதினைந்து நாள் அவகாசம்.

எல்லாரும் கைதட்டினார்கள். தையல்காரி தட்டவில்லை. "கையெழுத்து விட்டுப் போச்சு சார்," என்று காகிதத்தைத் திரும்பப் பொறியாளர் முன்னால் வைத்தாள்.