மூன்றாவது அயிரையின் மச்சம்

நல்லதம்பியின் இடது கன்னத்து மச்சம் ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கெல்லாம் மீன் தொட்டிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அதை முதலில் பார்த்தவள் அவன் மனைவி மரகதவல்லி. அவள் அப்போது மீன்களுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தாள்.

அவள் வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவள். வாரம் ஒருமுறை டேப்பைக் கண்ணாடிமேல் வைத்து ஆறு மீன்களையும் அளந்து நோட்டில் குறித்துக்கொள்வாள். கடைக்காரர் லோச் என்று சொல்லித்தான் விற்றார். மதுரையில் யார் வந்து பார்த்தாலும் அயிரை என்றார்கள். அயிரைக்குச் சொந்தம்தான். ஆரஞ்சு உடம்பு, குறுக்கே மூன்று கறுப்புப் பட்டை. ஒரு பட்டை கண்மேல் விழும், ஒன்று நடுவில், ஒன்று வாலருகே. வாங்கும்போது ஒவ்வொன்றும் இரண்டு அங்குலம் இருந்தது. ஒரு அடி வரைக்கும் வரும், ஆனால் அதற்குப் பல வருஷம் ஆகும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார்.

மூன்றாவது மீன் போன வாரம் மூன்று அங்குலம். இன்று ஐந்தே கால். டேப்பைத் திருப்பிப் போட்டு அளந்தாள். அப்போதும் ஐந்தே கால். கண் பட்டை முடியும் இடத்தில் மிளகு அளவில் ஒரு மச்சம் இருந்தது. மச்சத்தில் ஒரு நரைமுடி தண்ணீரில் ஆடியது.

நல்லதம்பி பேப்பர் படித்துக்கொண்டிருந்தான்.

"என்னங்க, இங்கிட்டுத் திரும்புங்க."

திரும்பினான். கன்னம் வழவழவென்று இருந்தது.

"மச்சம் எங்க?"

"எந்த மச்சம்?"

"கன்னத்துல இருந்ததே."

"அப்படியா," என்றான். "சரி."

மரகதவல்லிக்கு இந்தச் சரிதான் பிடிக்காது. கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். எதைச் சொன்னாலும் சரி என்பான். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர் வேலை. போவான், வருவான், போட்டதைச் சாப்பிடுவான். சண்டை போட்டதில்லை. எதையும் கேட்டதில்லை. இப்படி ஒரு ஆள் இருக்க முடியாது, உள்ளே ஏதோ வைத்திருக்கிறான் என்று அவள் முதல் வருஷமே சந்தேகப்பட்டாள். சட்டைப்பை, டிபன் டப்பா, தலையணை உறை எல்லாம் தேடிப் பார்த்திருக்கிறாள். ஒன்றும் கிடைத்ததில்லை. அதனால் சந்தேகம் அதிகமானது.

பீரோவிலிருந்து அவனுடைய பத்தாம் வகுப்புச் சான்றிதழை எடுத்தாள். அங்க அடையாளங்கள் என்ற இடத்தில் இரண்டு இருந்தன. இடது கன்னத்தில் ஒரு மச்சம். வலது முழங்காலில் ஒரு தழும்பு.

"வேட்டியத் தூக்குங்க."

தூக்கினான். முழங்கால் புதுச் சோப்பு மாதிரி இருந்தது. அவள் தொட்டிக்குப் போனாள். மூன்றாவது மீன் அடியில் ஒருக்களித்துக் கிடந்தது. இந்த மீன்கள் செத்ததுபோல் கிடக்கும், ஆனால் சாகாது. நல்லதம்பியும் ஞாயிறு மதியம் அப்படித்தான் படுப்பான். அவள் கண்ணாடியைத் தட்டினாள். மீன் புரண்டது. வலப்பக்கம், வால் பட்டைக்கு முன்னால், சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பு.

"நீங்களாத்தான் குடுத்தீங்களா?"

"என்னத்த?"

"கிளம்புங்க. ஆபீசுக்குப் போவோம்."

"சரி."

அடையாள அலுவலகம் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் திறந்திருக்கும். மீனைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டாள். வாளியை அவனிடம் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. பஸ்ஸில் கண்டக்டர் மூன்று டிக்கெட் கிழித்தார்.

"வாளிக்கு எதுக்கு டிக்கெட்டு?"

"வாளிக்கு இல்லம்மா," என்றார் கண்டக்டர்.

அலுவலகத்தில் ஒரே ஒரு பெண் எழுத்தர் இருந்தார். வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். சான்றிதழை வாங்கிப் படித்தார்.

"இதுல நல்லதம்பி யாரு?"

நல்லதம்பி கையைத் தூக்கினான். எழுத்தர் அவன் கன்னத்தைப் பார்த்தார், முழங்காலைப் பார்த்தார். பிறகு எழுந்து வாளிக்குள் எட்டிப் பார்த்தார்.

"நல்லதம்பி?"

வாளிக்குள் டக் என்று ஒரு சத்தம் கேட்டது. இந்த வகை மீன்கள் தின்னும்போதும் சந்தோஷமாக இருக்கும்போதும் அப்படிச் சொடுக்கும்.

"இவருதான்," என்றார் எழுத்தர். முத்திரை குத்தினார்.

"அப்ப இவரு யாரு?" என்றாள் மரகதவல்லி.

"கூட வந்தவரு."

"இவருகூடத்தான் நான் பத்தொம்போது வருசமா இருக்கேன்."

"அடையாளம் எதுவும் இல்லையேம்மா. அடையாளம் இல்லாதவங்கள வெளிய விடக் கூடாது. அந்தக் கடைசி ரூம்ல உக்காரச் சொல்லுங்க."

கடைசி அறையின் கதவு திறந்திருந்தது. உள்ளே நீளமான பெஞ்சில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லோருக்கும் கழுவி வைத்த தட்டு மாதிரி முகம். ஒருவர் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டார்.

"எப்ப விடுவீங்க?"

"விடறதுன்னு ஒண்ணு இல்லம்மா. அங்க ஃபேன் இருக்கு."

மரகதவல்லி கணவனைப் பார்த்தாள். அவன் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"சரிங்க, நான் அங்க உக்காந்துக்கறேன்," என்றான். அவளிடம்தான் சொன்னான். நீ என்று கூப்பிடுகிறவன் சரிங்க என்றதை அவள் கவனித்தாள். அவன் முகத்தில் வருத்தம் இருக்கிறதா என்று தேடினாள். இல்லை. ஊருக்குப் போகிறவனின் முகமாக இருந்தது. இவ்வளவு நாளும் எதையோ ஒளித்து வைத்திருந்தது உண்மைதான் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. அது என்னவென்று தெரியாமல் அவனை விட முடியாது என்பதும் தெரிந்தது.

அவன் இரண்டு எட்டு வைத்திருப்பான். மரகதவல்லி வாளியைக் கீழே வைத்தாள். போய் அவன் இடது கையைப் பிடித்தாள். மணிக்கட்டுக்கு மேலே பல் பதியக் கடித்தாள். ரத்தம் வந்த பிறகுதான் விட்டாள்.

அவன் கத்தினான். பத்தொன்பது வருஷத்தில் அவன் கத்தி அவள் கேட்டதே இல்லை. குரல் அவள் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.

"இப்ப அடையாளம் இருக்கு," என்றாள் எழுத்தரிடம். "எழுதிக்கங்க."

எழுத்தர் காயத்தை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். பல்லை எண்ணினார். இடது மணிக்கட்டின் மேல் ஆறு பல் தடம் என்று எழுதினார்.

"பேரு?"

மரகதவல்லி வாயைத் திறந்தாள்.

"நீங்க சொல்லாதீங்கம்மா. நல்லதம்பிதான் வாளில இருக்காரே. அவரே சொல்லட்டும்."

"தே. அருமைநாயகம்," என்றான் அவன்.

"சின்ன ர-வா, பெரிய ற-வா?"

"சின்ன ர." ரொம்ப நாளாக அந்தப் பேரை எழுதிப் பழகியவன்போல் சொன்னான். அந்தப் பேரில் அவர்கள் இரண்டு பக்கத்திலும் யாரும் கிடையாது.

எழுத்தர் கடலைத் தோலை ஊதித் தள்ளிவிட்டு அடுத்த கட்டத்துக்கு வந்தார்.

"இவரு உங்களுக்கு என்ன வேணும்?"

கணவன் என்ற கட்டத்தில் வாளியில் இருந்தவருக்கு ஏற்கெனவே முத்திரை விழுந்திருந்தது. மரகதவல்லி அவனைப் பார்த்தாள். அவன் மணிக்கட்டைக் கைக்குட்டையால் சுற்றிக்கொண்டே அவளைத் திருப்பிப் பார்த்தான். நேராகப் பார்த்தான்.

"பேசிப் பாத்துட்டுச் சொல்றேன்," என்றாள்.

எழுத்தர் அதை அப்படியே எழுதிக்கொண்டு இருவரையும் போகச் சொன்னார். மரகதவல்லி வாளியை எடுத்துக்கொண்டாள்.

அலுவலகம் இருந்தது இரண்டாவது மாடியில். படி இறங்க ஆரம்பித்ததும் அருமைநாயகம் பேச ஆரம்பித்தான். தனக்கு ரவா உப்புமா ஆகாது என்றான். பஸ் கிளம்புகிற நேரத்தை எழுதி எழுதி எரிச்சலாக வரும் என்றான். ஒருநாள் டியூட்டியிலேயே கொடைக்கானல் பஸ்ஸில் ஏறி வத்தலக்குண்டில் இறங்கி, ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினானாம்.

"எப்ப?"

"உங்களுக்குக் கல்யாணமாகி ரெண்டாவது வருசம்."

"கூட யாரு?"

"தனியாத்தாங்க."

அவள் நம்பவில்லை. அவன் அதைப் பொருட்படுத்தாமல் டீக்கடைக்காரரின் மீசையைப் பற்றிச் சொன்னான். பிறகு ஒரு கடிதத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான். அதற்குள் அவர்கள் எண்பது படியாவது இறங்கியிருப்பார்கள். தெரு வரவில்லை. கீழே இன்னும் படிகள்தான் இருந்தன. வாளி கனத்தது. மரகதவல்லி அதை மற்ற கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"அப்புறம்?" என்றாள்.