பன்னிரண்டாம் தேதி, வெளிப்பணி

வேறு எந்தத் தேதியைக் கேட்டிருந்தாலும் எழுதிக் கொடுத்திருப்பேனோ? இல்லை என்று சட்டென்று சொல்ல முடியாததுதான் அவளை உறுத்தியது. இருபது வருட வேலையில் தன் நேர்மை என்று நினைத்திருந்ததெல்லாம், யாரும் இதுவரை அழுத்திக் கேட்காததுதானோ என்னவோ.

அரசுப் பணத்தில் எழும்பும் குடியிருப்பு எதுவானாலும், மண்ணில் கடப்பாரை இறங்குமுன் அவள் நேரில் போய்ப் பார்த்து எழுத வேண்டும்: நிலம், நீர், மரம், சத்தம். இந்த முறை ஒப்பந்தக்காரர் முந்திக்கொண்டார். பதின்மூன்றாம் தேதியே மண்வாரி இயந்திரம் இறங்கிவிட்டது. பத்தொன்பதாம் தேதி அவள் போனபோது மேற்கு மூலைக் குட்டை பாதி தூர்ந்திருந்தது. கொட்டிய மண்ணுக்கு மேல் கோரைப்புல்லின் நுனிகள் மட்டும் தெரிந்தன. பார்த்ததைப் பார்த்தபடி எழுதிக் கொடுத்தாள்.

மூன்று மாதம் சுற்றிவிட்டு இன்று அந்த அறிக்கை திரும்பி வந்திருந்தது. கூடவே ஒரு புதுப் படிவம். 'நீர்நிலை: இல்லை' என்று தட்டச்சு செய்திருந்தது. தேதியும் கையெழுத்தும்தான் பாக்கி.

"பத்தொன்பதுன்னு இருந்தா மொத்தப் பணமும் திரும்பிப் போயிடும்மா," என்றார் மேலதிகாரி. "மறுபடி வர எத்தனை வருஷமோ. பன்னெண்டுன்னு போட்டுடு. பதிவேட்டுல அன்னைக்கு உனக்கு வெளிப்பணிதான். கச்சிதமாப் பொருந்துது."

பொருந்தும்படி எழுதியவர் அவரேதான். 'உன் லீவு எதுக்கும்மா வீணாப் போகணும்? நான் வெளிப்பணின்னு போட்டுக்கறேன், நீ ஆஸ்பத்திரியில இரு' என்று அன்று காலை தொலைபேசியில் சொன்னார். அந்த அலுவலகத்தில் சாவுக்கும் பிரசவத்துக்கும் அதுதான் வழக்கம். அவள் அழுதுகொண்டே நன்றி சொல்லியிருந்தாள்.

"அன்னைக்கு என்ன நாள்னு ஞாபகம் இருக்கா சார்?"

அவர் நாட்காட்டியைப் புரட்டினார். "என்ன... வெள்ளிக்கிழமை?"

சாயங்காலம் படிவத்தோடு தங்கையின் வீட்டுக்குப் போனாள். ஒரே அறை. சுவரில் ஈரம் குழந்தையின் உயரத்துக்கு ஏறியிருந்தது. அதை மறைக்க நாட்காட்டிகளைத் தாழ்வாக மாட்டியிருந்தாள் தங்கை. குழந்தை மூச்சை இழுத்து இழுத்து விட்டபடி தூங்கியது. புதுக் குடியிருப்புப் பட்டியலில் தங்கை நாற்பத்தொன்றாவது. தரைத்தளம்.

விஷயத்தைக் கேட்டதும் தங்கை சொன்னாள்: "ஒரு தேதிதானேக்கா?"

"குட்டையை மூடிட்டா தண்ணி எங்கடி போகும்? உன் வீட்டுக்குத்தான் வரும்."

"வரட்டுமே. இங்க வராத தண்ணியா? அங்க வந்தா சொந்த வீட்டுத் தண்ணி."

இருவரும் சிரித்துவிட்டார்கள். பிறகு தங்கையின் முகம் மாறியது.

"அம்மா இருந்திருந்தா போடுன்னுதான் சொல்லியிருப்பாங்க."

சொல்லியிருப்பாள். 'காகிதத்துக்கா வலிக்கும்? பிள்ளைக்கு வலிக்குதேடி' என்று திட்டியும் இருப்பாள்.

அந்தப் பன்னிரண்டாம் தேதி பதினொரு மணிக்கு, ஆஸ்பத்திரியில் ஈரப் பஞ்சால் அம்மாவின் உதட்டை ஒற்றிக்கொண்டிருந்தாள். அம்மாவின் கை விரிப்பின் மேல் எதையோ தேடி, கடைசியில் அவளுடைய இரண்டு விரல்களைப் பிடித்தது. வேறொன்றும் நடக்கவில்லை. வெகுநேரம் கழித்துத்தான் அந்தப் பிடியில் பலம் இல்லை என்று தெரிந்தது. தங்கை வந்து சேர அரைமணி நேரம் தாமதம். 'கடைசியா உன் பேரைச் சொன்னாங்க' என்று அவளிடம் சொன்னது பொய். அந்தப் பொய் தானாக வாயில் வந்தது. இன்றுவரை அதற்காக வருந்தியதில்லை.

ஆனால் இது? அந்தப் பதினொரு மணிக்கு அவள் குட்டை ஓரத்தில் நின்றிருந்தாள் என்றால், அம்மா பிடித்தது யாருடைய விரலை? அந்த அறையில் வேறு யாரும் இல்லை. அவள் இருந்தாள் என்று சொல்ல அவளைத் தவிர ஆளும் இல்லை.

குழந்தை இருமியது. தங்கை அதன் முதுகைத் தடவிக்கொண்டே, அலமாரியைத் துழாவி ஒரு பேனாவை எடுத்தாள். அதைப் படிவத்தின் மேல் வைத்துவிட்டு, கெஞ்சுவது தெரியாமலிருக்க வேறு பக்கம் பார்த்தாள்.

அவள் பேனாவை எடுத்தாள். தங்கையின் உள்ளங்கையில் திருப்பி வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடினாள்.

"அன்னைக்கு நான் அங்க இல்லடி," என்றாள். "அம்மாகிட்ட இருந்தேன்."