சரிவில் அளந்த டீசல்

டிராக்டர் நின்றபோது நான் வரப்போரம் வேப்பமர நிழலில் புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன். அது ஒரேயடியாக நின்றுவிடவில்லை. சத்தம் முதலில் மெலிந்தது. ஏதோ நினைவு வந்ததுபோல் ஒருமுறை உரக்க எழுந்து, திணறி, அடங்கியது. மௌனத்தை நான் பொதுவாக விரும்புகிறவன். தருமபுரியில் அலுவலகம் முடிந்து பஸ்ஸில் வரும்போது பக்கத்து சீட்டுக்காரர் பேசாமல் தூங்கிவிட்டால் அந்த மாலையே நல்ல மாலை என்று நினைப்பேன். ஆனால் அன்று வயலில் விழுந்த மௌனத்தைக் கேட்டதும் புத்தகத்தை மூடிவிட்டேன்.

என் மனைவி ஜெயராணி சீட்டை விட்டு இறங்கவில்லை. ஸ்டியரிங்கில் கை வைத்தபடி, முன்னால் இன்னும் உழாமல் கிடந்த பாதி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டிராக்டர் ஓட்டுவது அவள்தான். எனக்கு அதில் ஏறி உட்காரத் தெரியும், அவ்வளவுதான். அவளுக்குப் பின்னால், சாலுக்குச் சால் கடலை விதை போட்டு வந்த நஞ்சம்மாளும் மற்ற பெண்களும் மடியில் விதையோடு அப்படியே நின்றார்கள்.

நிலம் எங்களுடையது அல்ல. சித்தேரி மலையடிவாரத்தில் கண்ணம்மாளுக்குச் சொந்தமான செம்மண் காடு. போன வருஷம் குத்தகைக்குப் பிடித்தோம். மழை ஏமாற்றியதில் விதைப்பு தள்ளித் தள்ளிப் போய், காடு தரிசாகவே கிடந்தது. கண்ணம்மாள் கோபப்படவில்லை. இந்த ஆடியில் மழை பெய்து, பெய்த ஈரத்தில் காடு முழுக்க விதை விழுந்துவிட்டால் நிலம் உன்னிடமே இருக்கட்டும், இல்லாவிட்டால் மரவள்ளி போடக் கேட்கிறவருக்குக் கொடுத்துவிடுவேன் என்று மட்டும் ஜெயராணியிடம் சொன்னாள். முந்தாநாள் ராத்திரி மழை கொட்டியது. நேற்று கால் வைத்தால் மண் ஒட்டியது. இன்றுதான் பதம். செம்மண்ணின் பதம் வெயிலுக்கு முன்னால் நெடுநேரம் நிற்காது. நாளை என்ற பேச்சுக்கே இடமில்லை என்பது மடியில் விதையோடு நின்ற எல்லோருக்கும் தெரியும்.

ஜெயராணி இறங்கினாள். டேங்க் மூடியைத் திறந்து குச்சியை விட்டுப் பார்த்தாள். நுனியில்கூட ஈரம் இல்லை. பிறகு தலையைத் திருப்பி, வயலுக்கு மேலே மோட்டார் கொட்டகையை ஒட்டிய சரிவைப் பார்த்தாள். அவள் பார்த்த பிறகுதான் எனக்கும் புரிந்தது.

எங்கள் பக்கம் பழைய டிராக்டர் வைத்திருக்கிற எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. பேட்டரியை யாரும் நம்புவதில்லை. வேலை முடிந்ததும் வண்டியைச் சரிவில், மூக்கு கீழ்ப்பார்த்து நிற்கும்படி நிறுத்திவிடுவார்கள். காலையில் கியரில் போட்டு உருட்டினால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். டீசல் முள் வேலை செய்கிற டிராக்டரையும் நான் அதிகம் பார்த்ததில்லை. அளவு பார்க்க ஒரு புங்கன் குச்சிதான். எங்கள் வண்டியில் டேங்க் மூடி முன்பக்கம் இருக்கிறது. மூக்கு சரிந்து நிற்கிற வண்டியில் இருக்கிற டீசலெல்லாம் முன்னால் வந்து மூடிக்கு நேராகத் தேங்கி, குச்சியில் அதிகமாகக் காட்டும். ஜெயராணி தினமும் சமதளத்தில் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் சரிவில் ஏற்றுவாள். மழைக்குப் பிறகான அவசரத்தில் அன்று காலை சரிவிலேயே பார்த்துவிட்டாள். குச்சி பாதிக்கு மேல் நனைந்திருந்ததை நானும் பார்த்தேன்.

"சரிவுல பாத்துட்டேங்க" என்றாள். அவ்வளவுதான். தன்னைத் திட்டிக்கொள்ளவும் இல்லை, பக்கத்தில் நின்றும் கவனிக்காத என்னைத் திட்டவும் இல்லை. கேனை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

பாப்பிரெட்டிப்பட்டி பங்க்கில் விதைப்பு நாளின் கூட்டம். நான் மொபெட்டில் கேனைக் கட்டிக்கொண்டு திரும்பியபோது வெயில் ஏறியிருந்தது. ஜெயராணி அதற்குள் எஞ்சினின் பக்கத் தகடைக் கழற்றி, ஸ்பேனர்களைச் சாக்கில் பரப்பி வைத்திருந்தாள். மெக்கானிக் சந்திரமோகனுக்குப் போன் போட்டிருக்கிறாள். எல்லாக் காட்டிலும் வண்டி ஓடுகிற நாள் என்பதால் சாயங்காலம்தான் வர முடியும், அதுவரை எதையும் தொடாதே அக்கா, பேட்டரி செத்துப்போகும் என்று அவன் சொன்னானாம். அவன் கடைக்கு வண்டி போகும்போதெல்லாம் ஜெயராணி பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுவாள். அது என்ன, இதை ஏன் கழற்றினாய், அதை விட்டுவிட்டு இதை ஏன் முதலில் பார்த்தாய் என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். அக்கா வருவது தெரிந்தால் ஷட்டரை இறக்கிவிடுவேன் என்று அவன் என்னிடமே சொல்லியிருக்கிறான்.

டீசல் எஞ்சின் பெட்ரோல் வண்டிபோல இல்லை, ஊற்றியதும் ஓடாது. டேங்க் காலியாகும்போது குழாய்க்குள் காற்று ஏறிவிடும். அந்தக் காற்றை வெளியே எடுக்காதவரை எஞ்சினுக்கு டீசல் போகாது. இதை ஜெயராணி எனக்கு என்றோ சொல்லியிருந்தாள். நான் தலையாட்டியிருந்தேன். இப்போது ஃபில்டர் மேல் இருந்த சின்ன போல்ட்டை அவள் தளர்த்தினாள். பம்பின் பக்கத்தில் விரலால் அழுத்துகிற கைப்பிடி ஒன்று இருந்தது. என்னை அழுத்தச் சொன்னாள். நான் அழுத்த அழுத்த, போல்ட்டின் ஓரத்தில் நுரையும் டீசலும் கலந்து பொங்கின. நுரை குறைந்ததும் இறுக்கினாள். அடுத்த போல்ட். மறுபடி நுரை. கொஞ்சம் குறைந்தது. இறுக்கிவிட்டு சாவியைத் திருப்பினாள். எஞ்சின் பிடித்தது. பெண்கள் எழுந்து நின்றார்கள். எஞ்சின் சில மூச்சு விட்டுவிட்டு மறுபடி செத்தது.

இரண்டாவது முறை சாவியைத் திருப்பியபோது பேட்டரியின் குரல் இழுத்தது. ஜெயராணி உடனே கையை எடுத்துவிட்டாள்.

நஞ்சம்மாளுக்கு இதற்குள் பக்கத்துக் காட்டிலிருந்து போன் வந்துவிட்டது. ஆட்களை எங்கே உட்கார வைத்திருக்கிறாய், இங்கே வாருங்கள் என்று கூப்பிடுகிறார்கள். அவள் வருகிறோம் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. நிழலில் மூன்று கல் கூட்டி டீ போட உட்கார்ந்தாள். டீசல் கறை படிந்த என் கையையும், வேப்பமரத்தடியில் கிடந்த புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏஞ் சாரு, எம்மாம் பெரிய புஸ்தகம். அதுல இந்த வண்டிக்கு ஒரு வழி போட்டிருக்கக் கூடாதா?"

"அதுல வண்டியே வரல ஆயா" என்றேன்.

"வண்டி வராத கதய என்னாத்துக்கு இம்மா நேரம் படிச்ச?"

பெண்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஜெயராணி மட்டும் சிரிக்கவில்லை. அவள் எங்கள் பேச்சைக் கேட்கவே இல்லை. எஞ்சினுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, டேங்கிலிருந்து பம்புக்கு வருகிற குழாயை மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை எதையும் தொடவில்லை. இந்தப் பார்வை எனக்குத் தெரியும். வீட்டில் நான் ஒரு பக்கத்தை முடித்துவிட்டு அடுத்ததைத் திருப்பாமல் உட்கார்ந்திருக்கும் நேரங்களில் அவள் என்னைக் கேட்பதுண்டு, என்ன யோசிக்கிறீர்கள் என்று. ஒன்றுமில்லை என்பேன். அது பொய்யல்ல, ஆனால் முழு உண்மையும் அல்ல. அவளுடைய இந்த உட்காரலும் அப்படித்தான் இருந்தது. நானும் எதையும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

முதலில் டேங்க்கின் கீழிருந்த குழாயைக் கழற்றினாள். டீசல் நூலாக ஒழுகியது. அடியில் கிடந்த கசடெல்லாம் கடைசி சொட்டோடு வந்து குழாய் வாயை அடைத்திருக்கிறது. டேங்க்கின் அடித் திருகை மூடிவிட்டு, குழாயில் வாய் வைத்து ஊதினாள். அடைப்பு கறுப்பாக வந்து விழுந்தது. டீசலைத் துப்பிவிட்டு, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். மாட்டியபின் மறுபடி பம்ப் அடித்தோம். நுரை குறைந்ததே தவிர நிற்கவில்லை. என் விரல் மரத்துப்போனது. நுரை மட்டும் எங்கிருந்தோ வந்துகொண்டே இருந்தது.

"வெளிய இருந்து இழுக்குதுங்க" என்றாள் மெதுவாக.

வண்டி முழுக்கச் செம்மண் தூசி. எங்கும் ஒரே நிறம். பம்பில் குழாய் சேருகிற போல்ட்டைச் சுற்றி மட்டும் தூசி சற்றே கறுத்து, மோதிரம்போல ஒரு வட்டம் இருந்தது. அவள் அதை விரலால் தடவி என் மூக்கருகே நீட்டினாள். டீசல். வண்டி நிற்கும்போது அந்த இடத்தில் டீசல் வெளியே கசிகிறது. ஓடும்போது அதே இடத்தில் காற்று உள்ளே போகிறது. அவள் இவ்வளவையும் சொல்லவில்லை. விரலை நீட்டியதிலேயே அது எனக்குத் தெரிந்தது. நூறு பக்கம் படித்தும் சில நேரம் கிடைக்காத தெளிவு அந்த விரல் நுனியில் இருந்தது.

போல்ட்டைக் கழற்றினால் உள்ளே ஒரு செம்பு வாஷர். பல தடவை இறுக்கி இறுக்கி அது கெட்டிப்பட்டு, ஒரு பக்கம் பள்ளம் விழுந்திருந்தது. புதியது வேண்டுமென்றால் மறுபடி பாப்பிரெட்டிப்பட்டி. நான் மொபெட் சாவியை எடுத்தேன். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். வாஷரை ஒரு கல்லில் வைத்துப் பள்ளம் போகும்வரை மெல்லத் தேய்த்தாள். பிறகு அதைத் துடைத்துக் கம்பியில் கோத்துக்கொண்டு நஞ்சம்மாளின் அடுப்புக்குப் போனாள். டீசல் பட்ட கையோடு என் அடுப்பண்டை வராதே என்று நஞ்சம்மாள் அதட்டினாள். ஜெயராணி திரும்பிப் போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்து, கம்பியைத் தணலில் நீட்டினாள். செம்பு முதலில் கறுத்து, அப்புறம் வானவில் நிறமெல்லாம் காட்டி, செந்தணலாகச் சிவந்தது. சொம்புத் தண்ணீரில் போட்டாள். சுர்ரென்றது. கெட்டிப்பட்ட செம்பைச் சுட்டு எடுத்தால் மறுபடி இளகிக்கொடுக்குமாம்.

"டீத்தண்ணி சொம்புல போடறியே ராணி, எங்க வவுறு என்னா ஆவறது?"

"வண்டி ஓடுனா நானே பால் வாங்கி டீ போட்டுத் தரேன் ஆயா. செத்த இரு."

 நஞ்சம்மாள் போனை எடுத்து அணைத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வாஷரை மாட்டி இறுக்கியபின் பம்ப் அடித்தபோது நுரை வந்தது, குறைந்தது, நின்றது. தளர்த்தி வைத்திருந்த ஃபில்டர் போல்ட்டின் ஓரத்திலிருந்து டீசல் உடையாத கோடாக வழிந்தது. அந்தக் கோடு அழகாக இருந்தது என்று சொன்னால் நஞ்சம்மாள் என்னை விடமாட்டாள். சொல்லவில்லை.

இனி பாக்கி எஞ்சின் தலையிலிருக்கும் குழாய்கள். அவற்றிலிருக்கும் காற்றைக் கையால் எடுக்க முடியாது. நட்டுகளைத் தளர்த்திவிட்டு எஞ்சினைச் சுற்ற வேண்டும். அதற்குப் பேட்டரி வேண்டும். அவள் நட்டுகளைத் தளர்த்திவிட்டுச் சாவியைத் திருப்பினாள். "டிக்" என்று மட்டும் கேட்டது. சரிவு வயலுக்கு மேலே கிடந்தது. நாங்கள் நின்றதோ உழுது புரண்ட சமதளத்தில். தள்ளினாலும் அசையாது.

ஜெயராணி பேட்டரி முனைகளைக் கழற்றி, பூத்திருந்த வெள்ளைப் பூச்சைச் சுரண்டி, இறுக்கிக் கட்டினாள். என்னை சீட்டில் உட்காரச் சொன்னாள். நான் கையைச் சாவிக்குக் கொண்டுபோனேன்.

"தொடாதீங்க. அது கொஞ்சம் மூச்சு வாங்கட்டும். நான் சொல்ற வரைக்கும் தொடாதீங்க."

நாங்கள் காத்திருந்தோம். வெயில் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. உழுத சாலின் விளிம்பில் மண் நிறம் மாறி வெளுத்துக்கொண்டு வருவது சீட்டிலிருந்து எனக்குத் தெரிந்தது. ஒரு பெண் சாலில் கால் விரலை ஊன்றிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். அந்த நேரத்தில் யாராக இருந்தாலும் ஒருமுறை சாவியைத் திருப்பிப் பார்த்திருப்பார்கள். நான் திருப்பியிருப்பேன். இழக்கப்போகிறவள் அவள். ஆனால் ஸ்பேனரைப் பிடித்த அவள் கை எஞ்சின் மேல் அசையாமல் இருந்தது. காய்கிற மண்ணைப் பார்க்காமலிருக்க அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்ததையும் பார்த்தேன். என் மௌனங்களுக்கெல்லாம் ஒரு விலையும் கிடையாது. நிழலில் உட்கார்ந்து யாரும் பேசாமல் இருக்கலாம். இப்படி ஒரு மௌனத்தை இருந்து காட்ட எனக்கு வராது என்று தோன்றியது. அது வருத்தமாக இல்லை. இவளோடு ஒரே வீட்டில் இருக்கிறேன் என்ற நினைப்பு நன்றாக இருந்தது.

"இப்ப" என்றாள்.

திருப்பினேன். எஞ்சின் மெல்லச் சுற்றியது. ஒரு நட்டிலிருந்து டீசல் பீய்ச்சியது, அவள் இறுக்கினாள். அடுத்தது பீய்ச்சியது, இறுக்கினாள். பேட்டரியின் குரல் இழுக்கத் தொடங்கியது. கையை எடுக்கவா என்று அவள் முகத்தைப் பார்த்தேன். இல்லை என்று கண்ணாலேயே சொன்னாள். கடைசி நட்டு இறுகுவதற்குள் எஞ்சின் ஒரு பக்கமாகத் தும்மியது, வெள்ளைப் புகை கக்கியது, பிடித்துக்கொண்டது. இந்த முறை சாகவில்லை. ஜெயராணி காதைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு என்னை இறங்கச் சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தாள். யாரும் கை தட்டவில்லை. நஞ்சம்மாள் அடுப்பில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு, விதையை மடியில் கட்டிக்கொண்டு சாலில் இறங்கினாள்.

அதன் பிறகு அவர்கள் சாப்பாட்டுக்குக்கூட நிற்கவில்லை. நானும் மடியில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒரு சாலில் விதை போட்டேன். என் சாலில் விதைகள் கூட்டங்கூட்டமாக விழுவதாகப் பின்னால் வந்த பெண் புகார் சொன்னாள்.

பொழுது சாய்கையில் கண்ணம்மாள் வந்தாள். ஜெயராணி வண்டியைக் கொஞ்சம் முன்பே நிறுத்தியிருந்தாள், எஞ்சினை அணைக்காமல். மேற்கு ஓரத்தில் சில சால்கள் பாக்கி. அங்கே மேட்டு மண், ஈரம் போய்விட்டது. போட்டால் விதை வீண் என்று அவளே நிறுத்திவிட்டாள். கண்ணம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டுச் சாலோடு நடந்தாள். குனிந்து, மூடியிருந்த மண்ணை விரலால் விலக்கி, ஒரு விதையை எடுத்து நெருடிப் பார்த்து, திரும்ப வைத்து மூடினாள். மேற்கு ஓரம் வரை போய் அங்கே நின்றாள்.

காடு முழுக்க என்றுதான் அவள் சொல்லியிருந்தாள். ஜெயராணி சீட்டிலிருந்து இறங்கி வந்து, நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். சரிவில் டீசல் பார்த்தது என் தப்பு பெரிம்மா, அதில்தான் நேரம் போனது என்றாள். பேட்டரி, வாஷர், நுரை எதையும் சொல்லவில்லை. நான் சொல்லலாமா என்று யோசித்தேன். அதற்குள் நஞ்சம்மாள் எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்துவிட்டாள், டீச்சொம்பு வரைக்கும்.

கண்ணம்மாள் கேட்டு முடித்தாள். செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"இந்த மேக்கால ஓரத்த சும்மா போடாத ஜெயா. பொரட்டாசி மழைக்குக் கொள்ளு வெதச்சுடு. அடுத்த வருசம் இந்த மோட்டுல இருந்து ஆரம்பி, இங்கதான் மொதல்ல காயுது."

அடுத்த வருசம் என்பதை அவள் அழுத்திச் சொல்லவில்லை. வரப்பேறிப் போய்விட்டாள். ஜெயராணி வண்டியில் ஏறினாள். மேலே கொட்டகைக்கு முன்னாலிருந்த சமதளத்தில் நிறுத்தி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே குச்சியை விட்டுப் பார்த்தாள். அதன் பிறகுதான் சரிவில் ஏற்றி மூக்கைக் கீழே திருப்பினாள்.

எஞ்சின் நின்றதும் மலைப்பக்கமிருந்து காற்று வருவது கேட்டது. டிராக்டர் மட்கார்டில் அவள் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் நின்றேன். அவள் கையிலும் கன்னத்திலும் டீசல் கறை. நெடுநேரம் இருவரும் பேசவில்லை.

"என்னாங்க யோசிக்கறீங்க?" என்றாள் கடைசியில்.

"ஒண்ணுமில்ல" என்றேன்.

"நஞ்சம்மா ஆயாவுக்கு டீ போடணும்" என்று எழுந்தாள்.