கழி வரைக்கும்

1

நூற்று ஐம்பத்து மூன்று மணி நேரம் ஆகிறது, பானுப்ரியா ஏரியில் இறங்கி. இந்தக் கதை அந்தக் கணக்கிலிருந்துதான் வந்தது. கற்பனை எதிலிருந்தும் வரவில்லை.

எழுதுகிறவள் வைஷ்ணவி. வயது இருபத்திரண்டு, பி.எஸ்ஸி. வேதியியல். ஊர் ஆரம்பாக்கத்துக்கு உள்ளே, நெல் விளைகிற பக்கம். நாலு பேர் கூடினால் வாய் திறக்காதவள். பிள்ளைகளிடம் மட்டும் பேச வரும் என்பதால், ஏரிக்கரை ஊரில் இருபது நாள் கோடை வாசிப்பு வகுப்புக்கு வந்தாள். ஆறாவது முதல் எட்டாவது வரை பதினோரு பேர். (தன்னையே ஏன் 'அவள்' என்று எழுதுகிறாள் என்று கேட்காதீர்கள். இப்போதைக்குக் கை அப்படித்தான் ஓடுகிறது.)

2

முதல் தொடக்கம்: 'அன்று ஏரியில் காற்று' – கோடு போட்டு அடித்தாயிற்று. காற்றின் மேல் பழி போட முடியாது.

இரண்டாவது: 'பானுப்ரியா துணிச்சல்காரி.' பொய். பன்னிரண்டு வயது, ஏழாவது. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வகுப்புக்கு வருவாள். சொன்னதைச் செய்கிற பெண்.

மூன்றாவது நிற்கிறது. வைஷ்ணவி சார்ட்டில் ஒரு வட்டம் போட்டாள், 'ஹீரோவின் பயணம்' என்று. வீடு, அழைப்பு, தயக்கம், எல்லை தாண்டுதல், சோதனை, பரிசு, திரும்புதல். படித்த கதைகளையெல்லாம் அதில் பொருத்திக் காட்டினாள். அந்த வட்டம் அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. புறப்பட்டவர்கள் எல்லோரும் திரும்பி வந்தார்கள்.

"ஹீரோ பூட்டா தம்பிய யாருக்கா பாத்துப்பாங்க?" என்றாள் பானுப்ரியா.

"அதுக்குத்தான் ஹீரோன்னா ஆம்பளயா போட்டுக்கறாங்க," என்றான் பரத்.

எல்லோரும் சிரித்தார்கள். பானுப்ரியாவும் சிரித்தாள். வைஷ்ணவி சார்ட்டைச் சுருட்டினாள். 'உங்கள் சொந்தப் பயணத்தை எழுதி வாருங்கள்' என்றாள்.

3

இங்கே ஒரு விளக்கம் வேண்டும்.*

* பானுப்ரியாவின் வீட்டார் கையால் இறால் பிடிப்பவர்கள். வலை இல்லை, படகு இல்லை. கழுத்தளவு தண்ணீரில் குந்தியபடி நகர்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவுவார்கள். பிடித்ததைப் போட ஓலையில் முடைந்த பை, பறி. கை இரண்டும் சேற்றில் இருப்பதால் பறியைப் பல்லில் கடித்துக்கொள்ள வேண்டும். பறி வாயில் இருக்கிறவரை பேச்சில்லை. வாயைத் திறந்தால் பிடித்ததெல்லாம் தண்ணீரோடு போகும். ஆழம் தொடங்குகிற இடத்தில் ஒரு மூங்கில் கழி நட்டிருக்கும். பிள்ளைகளுக்கு அதற்கு அப்பால் வேலை இல்லை.

திங்கட்கிழமை பதினோரு நோட்டுகளையும் திருத்திக் கொடுத்தாள் வைஷ்ணவி. ஒவ்வொன்றிலும் சிவப்பு மையில் ஒரு குறிப்பு.

[பானுப்ரியாவின் நோட்டில் எழுதியது இங்கே வர வேண்டும்.]

4

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி. பானுப்ரியாவின் அம்மா வசந்தா தண்ணீரில் இருந்தாள். பாதிப் பறி நிறைந்திருந்தது. மகள் கழியைத் தாண்டுவதைப் பார்த்தாள். திரும்பிவிடுவாள் என்று நினைத்தாள். பிறகு பறியைத் துப்பிவிட்டுக் கத்தினாள். அதற்குள் பானுப்ரியாவின் கால் தரையைத் தேடி

இந்த வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை. மறுநாள் மத்தியானம் அவளைத் தூக்கி வந்தார்கள்.

வைஷ்ணவி ஒன்பது மணிப் பேருந்தில் வந்து இறங்கியபோது ஊரே தண்ணீரில் நின்றது. கரையில் ஒரு ஜோடி செருப்பு. அதன் அடியில் பிளாஸ்டிக் உறையில் சுற்றிய நோட்டு. எடுத்துத் தன் பைக்குள் வைத்தாள். யாரும் பார்க்கவில்லை.

குழாயடியில் ஊர்க்காரி ஜெசிந்தா சொன்னது வைஷ்ணவி காதில் விழுந்தது: "பெத்தவ பாத்துக்கினே இருந்தாளாம்பா. அர பறி எறாலு பெருசா பூட்ச்சி அவளுக்கு."

வசந்தாவின் புருஷன் கோபால் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. துக்கம் கேட்க வருகிறவர்களிடமெல்லாம் வசந்தா ஒன்றையே சொல்கிறாள்: "வாய்ல பறி இருந்திச்சி. கூப்டல."

வைஷ்ணவியின் வாயில் எதுவும் இல்லை. ஆறு நாளாக அவளும் சொல்லவில்லை.

5

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தாள்.

(அ) நோட்டை ஏரியில் போடுகிறாள். ஊருக்குப் போய்விடுகிறாள். வசந்தா சாகும்வரை அந்த ஒன்றையே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

(ஆ) பானுப்ரியா திரும்பி வருகிறாள். (அடித்தாயிற்று. இரண்டு முறை.)

(இ) எழுதிக் காட்டுகிறாள். இதுவும் ஆகாது. வசந்தாவுக்கு எழுத்துத் தெரியாது. வாயால்தான் சொல்ல வேண்டும்.

சொன்ன பிறகு வசந்தா என்ன செய்வாள்? அதை எழுத இவளுக்கு உரிமை கிடையாது. அழுவாளோ, அடிப்பாளோ, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். மன்னிப்பை மட்டும் வைத்துவிடாதீர்கள்.

6

வசந்தா வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். வைஷ்ணவி பக்கத்தில் போய் உட்கார்ந்து பையைத் திறந்தாள்.

"எம் பொண்ணு நோட்டு தான அது?"

"ஆமாக்கா."

"படிச்சி காட்டு டீச்சரம்மா."

வைஷ்ணவி படித்தாள். 'ஒரு ஊரில் ஒரு பெண் இருந்தாள். இறால் பிடிக்கப் போனாள். கழி வந்தது. அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. திரும்பி வந்துவிட்டாள். தம்பிக்குச் சோறு போட்டாள். அவ்வளவுதான்.'

"தம்பிக்கு சோறு போட்டாளாமா?" வசந்தாவின் உதடு சிரிப்பது போலக் கோணியது. நோட்டைத் தன் பக்கம் திருப்பினாள். "திரும்பி வந்துட்டன்னுதான எழுதிக்கறா. அப்பறம் இன்னாத்துக்குமா போனா? நான் கூப்புடாததாலயா?"

"இல்லக்கா."

வசந்தா பக்கத்தின் அடியில் விரலை வைத்தாள். நகத்தில் இன்னும் ஏரிச் சேறு.

"இங்க செவப்பா கீதே, இது இன்னா?"

வைஷ்ணவி படித்தாள். குரல் வாசலைத் தாண்டிக் கேட்டது. "'கழி வரைக்கும் போய்த் திரும்பினால் அது பயணம் இல்லை. பயப்படாதே, தாண்டிப் போ.' இத எழுதுனது நான்தான்க்கா."