கொசுவத்தி வாசனை

காலை எட்டரைக்கு வேலை தொடங்கும். அதற்கு முன் ஒரு சோதனை உண்டு. காட்டூரில் ஒரு கொட்டகை வாசலில் கலைமதி இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நிற்பாள். முதலாளி சுரேஷ்குமார் குனிந்து முகர்ந்து பார்ப்பார். பிறகு முந்தானையின் நுனி. பவுடர், தைலம், கொசுவத்தி எதன் வாசனையும் வரக்கூடாது. உள்ளே டப்பா டப்பாவாக வளர்வது கரப்பான்பூச்சி. ஆசைக்கு மீனும் ஓணானும் வளர்ப்பவர்கள் அவற்றுக்கு இரையாக வாங்குகிறார்கள். கொசுவத்திப் புகை சேலையில் ஒட்டி வந்தாலே போதும், அத்தனையும் மல்லாந்துவிடும் என்பார் அவர்.

ஊரே மருந்தடித்துக் கொல்லும் பூச்சிக்குக் கேரட் சீவிப் போடும் பிழைப்பு என்று ஸ்ரீரங்கத்தில் அக்கம்பக்கத்தார் கேலி செய்வார்கள். கலைமதிக்கு அதில் வருத்தமில்லை. வடிகாலோரத்து வாடகை வீட்டில் எட்டு மாதமாகக் கொசுவத்தி ஏற்றவில்லை, அதுதான் வருத்தம். நான்கு வயது மகள் தூக்கத்தில் சொறிந்து சொறிந்து காலெல்லாம் புண்ணாக்கி வைத்திருந்தாள். புருஷன் இல்லாத வீடு. இந்தச் சம்பளம் நின்றால் உலை ஏறாது.

நான்கு நாட்களாக இன்னொரு தொல்லை. குஞ்சுகள் குறைகின்றன, தில்லை நகர் மீன் தொட்டிக் கடைக்கு யாரோ விற்கிறார்கள் என்று சுரேஷ்குமாருக்குச் சந்தேகம். யாரோ என்ன யாரோ, அங்கே வேலை பார்ப்பது அவள் ஒருத்திதான். கொட்டகைக்குள்ளேயே நாற்காலி போட்டு அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மாலையில் அவள் கிளம்பிய பிறகும் உட்கார்ந்து மூடிகளைத் திறந்து பார்த்தார்.

இன்று அவள் கேட்டைத் திறந்து வந்தபோது அவர் கொட்டகைக்குள் நின்றிருந்தார்.

"உள்ள வந்து பாரு."

அவர் காட்டிய டப்பாவில், ஒண்டுவதற்கு வைத்த முட்டை அட்டையைத் தூக்கினால் பூச்சிகள் பொலபொலவென்று உதிர்ந்தன. எல்லாம் மல்லாந்திருந்தன.

"கொசுவத்தி ஏத்துனியா?"

"இல்லண்ணே. எம்புள்ள மேல சத்தியமா இல்ல."

"கையக் காட்டு."

முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார். ஒன்றும் வராதது அவருக்குப் பிடிக்கவில்லை.

"நல்லா சோப்புப் போட்டுட்டு வந்திருப்ப."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். கலைமதிக்குக் குற்றமில்லாத நெஞ்சே படபடவென்று அடித்துக்கொண்டது. அப்போதுதான் கவனித்தாள். கதவோரத்து வரிசைகளில் பூச்சிகள் ஓடிக்கொண்டிருந்தன. செத்ததெல்லாம் நாற்காலியைச் சுற்றித்தான். நாற்காலிக்குப் பின்னால் பிளக்கில் ஒரு சின்ன பாட்டில், அதன் மேல் சிவப்பு விளக்கு.

"அண்ணே, அது கொசு மருந்துதான? நேத்து சாயங்காலம் மாட்டுனீங்களா?"

அவர் திரும்பிப் பார்த்தார். பாட்டிலைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"நீ மாட்டிட்டுப் போயிருந்தா?"

"நானா? இத வாங்க முடிஞ்சா எம்புள்ள பக்கத்துல மாட்டியிருக்க மாட்டனாண்ணே?"

அவர் கையை நீட்டினார்.

"நாளைலேருந்து வர வேண்டாம். கேட்டுச் சாவியக் குடுத்துட்டுப் போ."

நீட்டிய அவர் கையில் ஒரு கொசுக்கடிகூட இல்லை. மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை தடித்துச் சிவந்திருந்த கையால் கலைமதி சாவியை அதில் வைத்தாள். அவர் சாவியை மூக்கருகே கொண்டுபோய் ஒருதரம் முகர்ந்து பார்த்துவிட்டு, பாட்டில் இருந்த பையிலேயே போட்டுக்கொண்டார்.