சூட்டுத் தொட்டி

மேட்டூர் அருகே ஒரு மீன் பண்ணையில் சரவணமுத்து தொட்டிகளைப் பார்த்துக்கொள்பவன். 1984 கோடையில் அங்கே ஆராய்ச்சிக்கு வந்த கமலவேணி, ஒரே ஜிலேபிக் கெண்டையின் குஞ்சுகளை இரண்டு தொட்டிகளில் பிரித்து விட்டாள். ஒன்றில் தண்ணீரைச் சூடாகவே வைத்திருக்கச் சொன்னாள்.

"சூட்டுல மீனு பதறுமுங்க. அப்ப உடம்புல ஊறுற சுரப்புதான் பொண்ணாக வேண்டியதை ஆணாக்குதோன்னு எனக்கொரு சந்தேகமுங்க," என்றாள்.

முடிவு தெரியும் முன்பே அவள் கல்யாணமாகிச் சென்னைக்குப் போய்விட்டாள். "குஞ்சுக வளந்ததும் எனக்கு எழுதுங்க," என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

மூன்று மாதம் அவன் அந்தச் சூடு குறையாமல் காத்தான். பிறகு மீன்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். சாதாரணத் தொட்டியில் ஆணும் பெண்ணும் சரிபாதி; சூட்டுத் தொட்டியில் பெரும்பாலும் ஆண். ஓடிப்போய்ச் சொல்ல அவள் அங்கே இல்லை. கடிதத்தில் 'நலமா' என்று எழுதி, அடித்து, மறுபடி எழுதி அனுப்பினான்.

பதில் வந்தது. இரண்டு பக்கமும் மீனைப் பற்றியே இருந்தது. பதற்றம்தான் காரணமா என்பது இன்னும் உறுதியில்லை என்று முடித்திருந்தாள். தன்னைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருப்பாளா என்று அவன் திருப்பித் திருப்பிப் படித்தான்.

அடுத்த கோடையில் யாரும் சொல்லாமலே ஒரு தொட்டித் தண்ணீரைச் சூடாக்கினான். குஞ்சுகள் வளர்ந்தால் அவளுக்கு எழுத ஒரு காரணம் இருக்கும்.